ஸீ என்றால் நீங்கள்

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் சில ஆண்டுகள் நர்சாக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் சேலத்துக்குத் திரும்பிவிட்டேன். எனக்கு ஜெர்மன் தெரியும் என்று எங்கள் பங்குச் சாமியார் யாரிடமோ சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வீட்டு வாசலில் ஒருவர் நின்றிருந்தார். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். நூல் மில்லில் சூப்பர்வைசர். மில்லுக்கு ஜெர்மன் மெஷின் வருகிறதாம். அதை மாட்ட வருகிற மெக்கானிக்கிடம் பேச ஆள் வேண்டும், ஜெர்மன் கற்றுக்கொண்டு வா என்று முதலாளி இவரை அனுப்பியிருந்தார்.

அதன்பின் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்தார். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாடம். பொருள்களுக்கும் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று பால் உண்டு, அதற்கேற்ப டெர், டீ, டாஸ் என்று முன்னால் சேர்க்க வேண்டும் என்றேன்.

"ஏனுங்க, மேசை ஆம்பளைங்களா?"

"ஆமாங்க. டெர்."

"கதவு?"

"பொம்பளை. டீ."

"பொண்ணு?"

"அது மட்டும் டாஸ். ரெண்டும் இல்லை."

"எங்கூர்லயும் பொண்ணுன்னா 'அது வந்துச்சு'ம்போமுங்க," என்று எழுதிக்கொண்டார். கதவு ஏன் பெண் என்று அப்பாவிடம் தனியாக விசாரித்தார். அப்பாவுக்கும் தெரியவில்லை.

'ஏனென்றால்' வந்துவிட்டால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும் என்றேன். இங்கிலீஷ்காரர்களே திணறும் இடம் அது.

"வேறெங்கீங்க போகும்?" என்றார்.

அந்நியருக்கும் பெரியவர்களுக்கும் 'ஸீ', அதாவது நீங்கள். வீட்டு மனிதர்களுக்கும் கடவுளுக்கும் 'டு', அதாவது நீ. இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்.

மெஷின் வருவதற்கு முன்பே அப்பா இறந்துபோனார். அடக்கத்தன்று இவர் வந்து, கேட்காமலே பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கினார். அடுத்த ஞாயிறும் வந்தார். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. எங்கே உட்காருவது என்று இருவருக்கும் தெரியவில்லை. காபி குடிக்கிறாயா என்று ஜெர்மனில் கேட்டேன். டு போட்டுத்தான் கேட்டேன்.

"அங்க ஸீ வரோணுமில்லீங்களா? வினையும் மாறுமுங்களே."

"தெரியுங்க. தப்பா சொல்லலை."

கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார். பிறகு, "அப்பக் குடிக்கறனுங்க," என்றார்.

மெக்கானிக் வந்தார். நன்றாக இங்கிலீஷ் பேசினார். முதலாளியே நேராகப் பேசிக்கொண்டார். இவருடைய ஜெர்மனுக்கு மில்லில் வேலையே வரவில்லை. பாடம் முடியவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தார்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பெண் குழந்தை பிறந்தபோதுதான் மாமனார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அதைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டார்:

"கொழந்தைகிட்ட என்ன பாஷை பேசுவீங்க?"

"தமிழ்தானுங்க மாமா."

"அப்பச் சரி சாமி," என்று பழத்தை மகனிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.