வீட்டுக் கடிகாரமும் பள்ளிக்கூட மணியும்

மணியடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதினோரு வருடமாக மணியக்கா தண்டவாளத் துண்டில் சுத்தியலை இறக்கினால்தான் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கடைக்காரர் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்.

அப்படிப்பட்டவள் லாரிக்காரரை இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு, தன் சின்ன மகனோடு அவர் வீட்டுக்கு வந்தபோது முதலில் கண்ணில் உறுத்தியது கூடத்துச் சுவர்க்கடிகாரம். எப்போதும் முன்னால் ஓடியது. லாரிக்காரரோ, அவருடைய பத்தாம் வகுப்பு மகளோ அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒட்டடை அடிக்கும் சாக்கில் ஸ்டூலில் ஏறி முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பிவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. நல்லது செய்யப் போகிறவள் யாரிடம் கேட்பாள்?

மறுநாள் மகளுக்கு மணியக்காவின் பள்ளிக்கூடத்திலேயே வருடக் கடைசிக் கணக்குப் பரீட்சை. மணியக்கா வழக்கம்போல் ஏழரைக்கே மகனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வகுப்பறைகளைத் திறக்கக் கிளம்பிவிட்டாள். லாரிக்காரர் லோடு ஏற்றிப் போயிருந்தார். மணியக்காவின் போனைத் தவிர வீட்டில் இருந்த ஒரே போனும் அவரோடு போய்விட்டது. மகள் எட்டே முக்கால் பஸ்ஸில் வர வேண்டும்.

பஸ் வந்தது. மகள் இறங்கவில்லை.

"அவ எங்கடி?" என்று பஸ்ஸிலிருந்து இறங்கிய பக்கத்து வீட்டுப் பெண்ணை மணியக்கா பிடித்தாள்.

"கூப்பிட்டேன்க்கா. கடிகாரத்தைப் பாத்துட்டு, 'இன்னும் நேரம் கிடக்கு, நீ போ'ன்னுட்டா. அவங்க வீட்டுக் கடிகாரம்தான் எப்பவும் ஃபாஸ்ட்டா ஓடுமே! யாரும் லேட்டாகக் கூடாதுன்னு அவங்கம்மா அப்படி வச்சதாம். அவங்க வீட்டுல அந்த நிமிஷத்தைக் கழிச்சுத்தான் நேரம் பாப்பாங்க."

நேற்று சரிசெய்த முள்ளிலும் மகள் வழக்கம்போல் கழித்திருக்கிறாள் என்று மணியக்காவுக்குப் புரிந்தது. செத்துப்போனவள் வைத்துவிட்டுப் போன நேரம் அது. அதில் போய் இவள் கை வைத்திருக்கிறாள்.

அடுத்த பஸ் பத்து மணிக்கு. ஒன்பதே காலுக்கு மணி அடித்ததும் பரீட்சை அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு கடவுளே வந்தாலும் வெளியில்தான். ஒரு நிமிடம் பிந்திய பிள்ளைகள் அழுதபோதெல்லாம், "முன்னாடியே கிளம்பணும்" என்று புத்தி சொன்னவளும் இதே மணியக்காதான்.

சைக்கிளில் போய்க் கூட்டிவரலாம் என்றால் மணியை யார் அடிப்பது? வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். சுத்தியலை எடுத்தாள், வைத்தாள். மறுபடியும் வாசல். நாலு கிலோமீட்டர் ரோடு வெறிச்சென்று கிடந்தது. இருப்புக் கொள்ளவில்லை.

ஒன்பது பதினைந்து. கை எழவில்லை.

"என்னம்மா, மணி?" தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சுத்தியல் பிடி ஆடுது சார்." அதைத் தரையில் தட்டித் தட்டி இறுக்கினாள்.

"இன்னைக்குன்னு பாத்தா?"

"ரொம்ப ஆடுது சார்."

பிடி ஆடவே இல்லை. ஒன்பது பதினேழு. பதினெட்டு. ரோட்டு வளைவில் மகள் தெரிந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடிவந்தாள். கேட்டைத் தாண்டி, மணியக்காவை ஏறெடுத்தும் பார்க்காமல் படியேறிப் போனாள். அதற்குப் பிறகுதான் சுத்தியல் விழுந்தது. எதிர்க் கடைக்காரர், பாவம், தன் கடிகாரத்தை நாலு நிமிடம் பின்னுக்குத் தள்ளினார்.

சாயங்காலம் மகள் வந்ததும் பையை மூலையில் எறிந்தாள். சின்னவன்கூட அரண்டுபோய்ப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான். மணியக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"தப்பு என்னோடதுதான். உன்னைக் கேட்டிருக்கணும். எத்தனை நிமிஷம்? பதினஞ்சா?"

தானாகவே முள்ளைப் பதினைந்து நிமிடம் முன்னுக்குத் தள்ளினாள். ஒரு கால் குட்டையான ஸ்டூல் அது, லொடலொடவென்று ஆடும். சட்டென்று ஆட்டம் நின்றது. குனிந்து பார்த்தால், மகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மணி அடிக்கிறப்போ ஹால் கடிகாரத்துல ஒம்பது பத்தொம்பது."

"சுத்தியல் பிடி ஆடிச்சு."

"ம்." மகள் ஸ்டூலை விடாமல் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பதினஞ்சில்ல சித்தி, பதினேழு. பதினஞ்சுன்னா நாங்க ஈஸியா கழிச்சிடுவோமாம். அதான் அம்மா பதினேழு வச்சாங்க."

மணியக்கா இன்னும் இரண்டு நிமிடம் தள்ளிவைத்தாள்.