வெறுமையாக இருந்ததாம் மாளிகை

ஒழுகிய கூரைக்கு ஓடு மாற்றியவன் நான். இடிந்த பின்படிகளைத் திரும்பக் கட்டியவன் நான். குதிரை லாயத்துக்குள் அடுப்பும் புகைபோக்கியும் வைத்து, அகதிகளாய் வந்த எங்கள் எல்லோருக்கும் சமையலறை ஆக்கியவனும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன்; அப்போது பாஷையும் தெரியாது, வேலை செய்ய அனுமதியும் இல்லை. ஜெர்மனியில் பான் நகருக்கு வெளியே பிரபுக்கள் கைவிட்ட அந்த மாளிகை, நாங்கள் இருந்த காலம் முழுவதும் விழாமல் நின்றது என் கையால்தான்.

பிறகு எங்களை வேறிடம் அனுப்பி, மாளிகையை இடித்து, தோட்டத்தைப் பூங்காவாக்கிவிட்டார்கள். போன ஞாயிறு மகளோடு போனேன். மாளிகையின் வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்று நின்றது. மகள் வாசித்துச் சொன்னாள். அதில் பிரபுக்கள் வந்தார்கள், அவர்களுடைய வேட்டை நாய்கள்கூட வந்தன. எங்கள் காலம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்ன பிள்ளை போட்டிருக்கு?"

"லேர் எண்டு போட்டிருக்கு, அப்பா."

அந்தச் சொல் எனக்குத் தெரியும். பிற்காலத்தில் நான் வேலை செய்த உணவகத்தில் வெறும் போத்தல் பெட்டிகளை அப்படித்தான் சொல்வார்கள்.

"அப்ப நாங்கள் என்ன, வெறும் போத்தலோ? நீ பிறந்து தவழ்ந்த வீடெல்லோ!"

"கத்தாதேங்கோ அப்பா, சனம் பாக்குது. எழுதினவையிட்டை மாத்தச் சொல்லி முந்தியே கேட்டனான். படம் கிடம் இருந்தால் தாங்கோ எண்டு சொல்லினம்."

படம் எடுக்க எங்களிடம் என்ன இருந்தது? தொட்டுக் காட்ட ஒரு கல்கூட மிச்சமில்லை. எங்கும் வெறும் புல்தான்.

ஆனாலும் பலகை எழுதியவர்களைக் கேட்கிறேன். அந்தச் சொல்லை அழியுங்கள். இங்கே தமிழ்ச் சனம் குடியிருந்தது, வீட்டைக் காத்தவன் நான் என்று எழுதுங்கள்.