காக்கா தந்த துணியில் ஓர் உறை

எங்கள் வீடு குளச்சலில், கடலை ஒட்டி. வளைகுடாவில் வேலை பார்த்த என் அண்ணன், எங்கள் காக்கா, வாங்கித் தந்த கம்ப்யூட்டரை உப்புக்காற்று தின்றுவிடக் கூடாதென்று, அவர் கொண்டுவந்த வெல்வெட் துணியிலேயே உறை தைத்துப் போட்டேன். திரையின் உறையை எடுத்தாலும், பெட்டியின் உறையை ஓடும்போதும் கழற்ற மாட்டேன். சில நாள் அது தானே அணைந்துவிடும். கரண்டுக் கோளாறு என்று மறுபடி போட்டுக்கொள்வேன்.

போன வருஷம் காக்கா அங்கேயே மௌத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேதான். உம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால் கம்ப்யூட்டரின் பெரிய திரையில் வீடியோ கால் போட்டோம். முகம் காட்டும் நேரத்தில் பட்டென்று அணைந்தது.

"ஏட்டி, எம் மவனுக்க மொவம் எங்க போச்சு?" உம்மா திரையைத் தடவினார். நான் போனில் பிடிப்பதற்குள் மண் போட்டுவிட்டார்கள்.

பழுது பார்க்க வந்தவர் பெட்டியைத் திறந்தார். காற்றாடி முழுக்கத் தூசி. "இப்பிடிப் போத்தி வெச்சா சூடு எங்க போவும், அக்கா? அதான் அணையுது" என்றார்.

அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது. இப்போது நான் உறை போடுவதில்லை; மாதாமாதம் தூசி தட்டுகிறேன்; தானே அணைந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுகிறேன். உம்மா என்னை இன்றுவரை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.