பரிமளத்தின் கடிதத்தைத் திருப்பி அனுப்பியவர்

றெஜினா மிஸ் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் மீன்காரர். காலையில் படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: "ஐயா, உங்கட லைப்ரரி மிஸ் நேற்றுப் பின்னேரம் போயிட்டாவாம். அதான், பரிமளக்காட கடிதத்தைத் திருப்பி அனுப்பின மிஸ்." நான் "ஓம்" என்றேன். பிறகு பாரைமீன் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் போன பிறகுதான் அந்த 'ஓம்' என்னைச் சுடத் தொடங்கியது.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் இருந்த சிறிய பொது நூலகத்துக்கு மிஸ்தான் நூலகர். நான் உதவியாளன். வயதில் எங்களுக்குள் பெரிய வித்தியாசமில்லை. யுத்த காலத்தில் பல வருடங்கள் ஒரே மேசையின் இரு பக்கத்திலும் இருந்து வேலை செய்தோம். இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் புத்தகம் எடுத்திருப்பீர்கள், அநேகர் ஏச்சும் வாங்கியிருப்பீர்கள். அவரைப் பற்றி நல்லதெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் மீன்காரர் சொன்னதையும் சேர்த்துச் சொல்வீர்கள். அது பிழை. பரிமளத்தின் கடிதத்தைத் திருப்பி அனுப்பியவன் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் நூலகம் என்றால் அமைதி, ஒழுங்கு, திகதி முத்திரை. எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு குச்சவெளியிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் சனங்கள் இடம்பெயர்ந்து பட்டணத்துக்கு வந்தார்கள். அவர்கள் பத்திரிகை பார்த்தது செய்திக்காக அல்ல, பெயர்களுக்காக. வாசிப்பு மேசையில் நாவல்கள் ஒதுங்கின. நிவாரணப் படிவங்களும் காணாமற்போனவர்களுக்கான விண்ணப்பங்களும் பரவின. குழந்தைகள் மின்விசிறிக்குக் கீழே படுத்து உறங்கின. பழைய அங்கத்தவர்கள் முகம் சுளித்தார்கள். நானுந்தான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மிஸ், வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கு லைப்ரரியில என்ன அலுவல்?"

அவர் எழுதிக்கொண்டிருந்த படிவத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "வாசிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர் இங்க சம்பளத்துக்கு இருக்கிறமே தியாகு. காணாதா?"

கடித அலுவலும் அப்படித்தான் தொடங்கியது. முகாமில் இருப்பவருக்கு நிலையான விலாசம் ஏது? இந்த மாதம் பள்ளிக்கூடம், அடுத்த மாதம் கோயில் மண்டபம். கடிதம் ஆளைத் தேடித் தேடியே தொலைந்துபோகும். "எங்கட விலாசத்தைக் குடுங்கோ. இந்தக் கட்டடம் எங்கயும் ஓடாது" என்று மிஸ் எல்லோரிடமும் சொன்னார். மற்ற மாவட்டங்களிலிருந்தும் இந்திய முகாம்களிலிருந்தும் நூலகத்தின் பெயரைத் தாங்கிக் கடிதங்கள் வரத் தொடங்கின. புத்தக அட்டைகள் இருந்த அலுமாரியில் ஓர் இழுப்பு லாச்சியை வெறுமையாக்கி, ஊர் வாரியாகவும் பெயர் வாரியாகவும் அவற்றை அடுக்கினார். நூலகருக்கு வேறு விதமாக அடுக்கத் தெரியாது. நகரசபையின் விதிகளில் இதற்கு இடமில்லை என்று நான் முணுமுணுத்தேன். "புத்தகத்துக்குத் தவணை இருக்கு, கடிதத்துக்கு இல்லை. ஆள் வருமட்டும் கிடக்கட்டும்" என்றார்.

இறக்கக்கண்டிப் பரிமளம் அக்கா ஒவ்வொரு வியாழனும் வருவார். பட்டணத்தில் நிவாரணம் எடுக்கும் நாள் அது. புருசன் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். மாமியார் படுக்கையில் கிடந்ததால் இவருக்குப் போக ஏலவில்லை. போனவர் எந்த முகாமில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. அவருடைய முதல் கடிதம் வந்தால்தான் இவர் பதில் போடலாம். அவர் படகேறும்போது அக்காதான் நூலகத்தின் விலாசத்தை அவருடைய சட்டைப்பையில் வைத்து அனுப்பியிருந்தார்.

அந்தக் காலத்தில்தான் மிஸ் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக மட்டக்களப்புக்குப் போனார். நூலகக் கதவின் திறப்பு என் கையில். இரண்டாம் நாள் பக்கத்து வீதியில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. வேறொருவர் பெயருக்கு வந்த கடிதம் மேசையில் இருந்ததற்காக ஒரு தையல்காரரை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் லாச்சி நிறைய வேறொருவர் பெயர்கள்! மறுநாள் தபால்காரர் வந்தபோது எல்லாக் கடிதங்களையும் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றின் மேலும் "இப்பெயரில் இங்கு எவரும் இல்லை" என்று எழுதி நூலக முத்திரையும் குத்தினேன். அந்தக் கட்டில் முதல் நாள்தான் வந்திருந்த ஓர் இந்தியக் கடிதம் இருந்தது. பரிமளம் என்ற பெயரைப் பார்த்துத்தான் எழுதினேன். விதிப்படி செய்தேன் என்று பல காலம் எனக்கே சொல்லிவந்தேன். விதியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பயம்.

மிஸ் திரும்பி வந்து லாச்சியை இழுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அனுப்பினவையின்ர விலாசங்களையாவது எழுதி வைச்சனீங்களா?"

"இல்லை மிஸ்."

புத்தகம் கிழிந்து கழிபட்டாலும் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் எறிவோம். அது எங்கள் தொழிலின் முதல் பாடம். அவர் குடையைக்கூட எடுக்காமல் தபால் கந்தோருக்கு ஓடினார். கட்டு எப்போதோ போய்விட்டிருந்தது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, பரிமளத்தின் புருசன் இருந்த இந்திய முகாமிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்தார். அவர் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. கடிதம் திரும்பி வந்ததும் மனைவி செத்துப்போனாள் என்று புருசன் முடிவுகட்டிவிட்டார். முகாமிலேயே அவளுக்கு முப்பத்தோராம் நாள் காரியமும் செய்தார். பிறகு அங்கிருந்து போய்விட்டார். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

பரிமளம் அக்கா நூலகத்துக்கு வந்து, அத்தனை பேருக்கும் நடுவில் நின்று கேட்டார். "உயிரோட இருக்கிற எனக்குக் காரியம் செய்ய வைச்சது ஆர்?"

நான் புத்தக முதுகுகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

மிஸ் கதிரையை விட்டு எழுந்தார். "நான்தான் திருப்பி அனுப்பினனான். பிழை என்ரதான்."

பரிமளம் அக்கா மண்ணை அள்ளித் தூற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால் நல்லது. அன்றிலிருந்து அவர் மிஸ்ஸின் முகத்தையே பார்ப்பதில்லை. வியாழன்களில் வந்து என்னிடம் மட்டும் கேட்பார்: "தம்பி, ஏதும் வந்ததா?" நான் இல்லை என்பேன். "நீங்கள் இருக்கிறபடியாத்தான் இங்க வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவார். மிஸ் அடுத்த மேசையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மிஸ்ஸைக் கேட்டேன். "நான் எப்பிடியும் இடமாற்றத்தில போயிடுவன். நீங்கள்தான் இருக்கப்போறீங்கள். உங்களிலயும் நம்பிக்கை போனால் சனம் ஆரிட்டப் போறது?" என்றார்.

"நான் அவவிட்டச் சொல்லுறன் மிஸ்."

"சொல்லுங்கோ. உங்களுக்கு ஏலுமான நேரம் சொல்லுங்கோ."

அவர் என் வாயைக் கட்டிப்போடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் மாற்றலாகிப் போனார், சண்டை ஓய்ந்தது, நானும் ஓய்வு பெற்றேன். நத்தார் தோறும் அவர் வீட்டுக்குப் போய்க் கேக் சாப்பிட்டு வந்தேன். சொல்லிவிட்டீர்களா என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அதுவும் பொய்தான்.

செத்த வீட்டில் அவர் தலைமாட்டில் நின்றவர்கள் கதைத்தார்கள். "நல்ல மனுசி. அந்த ஒரு கடிதம் மட்டும் இல்லையெண்டால்." நான் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. பிரேதத்துக்கு முன்னாலும் எனக்கு ஏலவில்லை.

போன வியாழன் இறக்கக்கண்டிக்குப் பஸ் ஏறினேன். பரிமளம் அக்கா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. வாங்கோ தம்பி என்று கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னேன். அவர் கருவாட்டைப் பார்த்தபடியே கேட்டார். ஏசுவார் என்று காத்து நின்றேன். அவர் கடைசிக் கருவாட்டையும் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அவவின்ர செத்த வீட்டுக்கு நான் போகேல்லையே" என்றார்.

எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

மிஸ்ஸை அறிந்தவர்களே, அவருடைய நேர்மையோ பொறுமையோ எனக்கு வந்ததென்று சொல்ல எனக்கு வாயில்லை. இவ்வளவு காலமும் எனக்காக அவர் சுமந்த பழி ஒன்று இருக்கிறது. அவருடையதென்று நான் வைத்துக்கொள்ளப்போவது அது மட்டுந்தான். இனி அவர் பெயரை எடுக்கும்போது அந்தக் கடிதத்தின் கதையை விட்டுவிடுங்கள். என் பெயரை எடுக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்.