சனிக்கிழமைப் பலகாரம்

விரதம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கால் வலிக்கும். என் கணவர், பெருமாளுக்காகச் சனிக்கிழமைதோறும் ஒருபொழுது இருப்பவர். ராத்திரி சாதத்தைத் தொடமாட்டார், பலகாரம்தான். அரக்கோணத்தில் அவர்கள் வீட்டு வழக்கப்படி அதில் இனிப்பு ஒன்று இருந்தே ஆக வேண்டும். சுய்யம், வெல்ல அப்பம், ஒன்றுமில்லாவிட்டால் கேசரி. கூடவே காரத்துக்கு அடை. மற்ற நாளில் ரசமும் அப்பளமும் போதும் என்பவருக்கு, விரத நாளில் மட்டும் நாக்கு நாலு முழம்.

இரண்டாயிரத்தின் தொடக்கம் அது. எனக்கு வைட்ஃபீல்டில் வேலை, சனிக்கிழமையும் உண்டு. கம்பெனி பஸ் ஊர்ந்து ஊர்ந்து மல்லேஸ்வரத்தில் இறக்கிவிடும்போது இருட்டியிருக்கும். வந்து பூரணம் கிளற வேண்டும். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் பேராசை.

ஒரு சனிக்கிழமை மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மாள் வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். என் கணவர் சுய்யத்தைக் கடித்துக்கொண்டே அவருக்குப் பாடம் எடுத்தார். பலகாரம் என்பது வடமொழி பலாஹாரமாம். பலம் என்றால் பழம், ஆஹாரம் என்றால் உணவு. அந்தக் காலத்தில் விரதக்காரர்கள் பழம்தான் சாப்பிட்டார்களாம். போகப்போகச் சோறு அல்லாததெல்லாம் பலகாரமாகி, தீபாவளி இனிப்பு வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டதாம்.

"எங்க வீட்ல இன்னும் ரெண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பாலுதாங்க" என்றார் அந்த அம்மாள்.

இவர் தலையாட்டிவிட்டு இன்னொரு சுய்யம் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் தட்டில் இரண்டு ஏலக்கி வாழைப்பழத்தை வைத்துவிட்டு, நான் காபியோடு உட்கார்ந்தேன். என்ன இது என்றார். பலகாரம் என்றேன். ஒன்றை உரித்துத் தின்றார். முகம் சுண்டிவிட்டது.

"இந்த விரதம் யாருக்காக இருக்கேன்? உனக்காகவும்தானே?"

"எனக்காக விரதம் இருக்க வேணாங்க. ஒரு நாள் எனக்காக அடுப்புகிட்ட நில்லுங்க, போதும்."

சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை தர்ஷினி ஓட்டலுக்குப் போய், நின்றபடியே கேசரிபாத் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை, விரதத்தையே விட்டுவிட்டதாக அறிவித்தார். ராத்திரிக்கு இனி சாதமே போதுமாம். ஒரு குழம்பு, ஒரு பொரியல் இருந்தால் சரியாம். வந்ததும் வராததுமாக நான்தான் அரிசி களைந்தேன்.