குதிரையைக் கழுதை என்று வாசித்த வருஷம்

என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பாப்பாவுக்கு எழுத்தெல்லாம் தெரியுதும்மா. சேர்த்து, வரியா வாசிக்கத்தான் வரலை. வீட்டுல தினமும் செத்த நேரம் சத்தமா வாசிக்க வைங்க” என்றார்.

செத்த நேரமாம். அவளோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எம்புட்டு நேரம் என்று தெரியும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் வாசித்துவிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்தால், என் பெண்ணுக்கு முதலில் தாகம் எடுக்கும். பிறகு பாத்ரூம். பிறகு காலில் கொசு. எல்லாம் முடிந்து விரலை வைப்பாள். “கு… தி… ரை…” மூன்று எழுத்தும் சரி. நான் மூச்சை விடுவதற்குள் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, “கழுதை!” என்பாள்.

“ஏட்டி, இப்பத்தானே நீயே சொன்ன? கு, தி, ரை. சேர்த்துச் சொல்லு.”

“படத்துல கழுதை மாதிரிதாம்மா இருக்கு.”

நான் கத்துவேன். நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கும் என் வீட்டுக்காரர் உள்ளறையிலிருந்து, “கொஞ்சம் தூங்க விடுதீயளா?” என்பார். அவருக்காகக் குரலைத் தாழ்த்தினால், அவள் உதட்டை மட்டும் அசைப்பாள். வாசிக்கிறாளா, சும்மா மெல்லுகிறாளா என்றே தெரியாது.

ஒருநாள் திடீரென்று ஒரு பாடம் முழுவதையும் தடங்கலே இல்லாமல் வாசித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த மனுஷனை எழுப்பிக் கூட்டிவந்து, “இன்னொரு தடவை வாசி” என்றேன். வாசித்தாள். பாதியில் காற்றடித்துப் பக்கம் புரண்டது. அவள் நிறுத்தவே இல்லை. வகுப்பில் எல்லாரும் கோரஸாகச் சொன்னதைக் கேட்டு அப்படியே மனப்பாடம் பண்ணியிருந்தாள். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா மகனும் மூன்றாம் வகுப்புதான். மேஜையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து, மணமகன் படித்த படிப்பு வரைக்கும் தண்ணீர் ஓடுவது போல் வாசித்தான். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்கே, நீயும் வாசி பாப்போம்” என்று என் மகள் கையில் அதைத் திணித்தாள். அவள் “நி… க… ழு…” என்று ஆரம்பித்தாள். அவன் சிரித்தான். அவன் சிரித்ததும் அக்காவும் சிரித்தாள். என் மகள் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை.

“இதுக்குப் போயி கோவமா? வீட்டுல நீ சொல்லிக் குடுக்கதில்லையா?” என்றாள் அக்கா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: “நீயும்தாம்மா. நான் வாசிக்கையில என் வாயையே பாத்துக்கிட்டு இருக்க. எப்ப தப்பு வரும்னு. அதான் வர மாட்டேங்குது.”



மறுநாள் டீச்சரிடம் போய், அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். “அப்ப நீங்களும் கூடவே வாசிங்க. அவளுக்குப் பிடிச்ச ஒரே கதையா இருந்தாலும் பரவாயில்ல, திரும்பத் திரும்ப வாசிக்கட்டும்” என்றார். அவள் ஒரு நண்டுக் கதையை எடுத்தாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, அவள் வாயைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி வாசிப்பேன். அவள் என்னோடு சேர்ந்து வாசிப்பாள். திக்கினால் நான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் சீட்டை நீட்டினாலும் பொறுத்துக்கொள்வேன். அந்தக் காத்திருப்பு மட்டும் என்னைக் கொன்றது.

“வேற கதையே கிடையாதா?”

“இதுதான் நல்லா வருதும்மா.”

வாரக்கணக்கில் அதே நண்டு. அதே வளை. வீடு முழுக்க நண்டு ஊர்ந்தது. மனப்பாடம் பண்ணிவிட்டாளோ என்று சந்தேகம் வந்து, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் சரியாகச் சொன்னாள். ஒருநாள் ஷிப்டுக்குக் கிளம்பிய அவள் அப்பா, “நண்டு தண்ணிக்குள்ள போச்சு” என்று வேடிக்கையாகச் சொல்ல, அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து விரலை வைத்து, “போச்சு இல்லப்பா, இறங்கியது. இங்க பாருங்க” என்றாள். அவர் ஷூவைப் போட்டபடியே குனிந்து பார்த்து, “ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு” என்றார்.

அதற்குப் பிறகுதான் மற்றப் பாடங்களும் மெதுவாக அசைந்து கொடுத்தன. புதுப் பாடத்தை முதல் தடவை எழுத்தெழுத்தாக உருட்டித் தள்ளுவாள். நான் வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவாள். “இரும்மா, இன்னொரு தடவை.” இரண்டாம் தடவை சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டும். அடுத்த தடவை, பேசுகிற மாதிரியே இருக்கும். அக்கா மகன் அளவுக்கு இன்னும் வேகம் இல்லை. எனக்கு அது போதும்.

நேற்று இங்கிலீஷ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அம்மா, ‘நைஃப்’ல முதல்ல ஒரு கே இருக்கே, அதை ஏன் வாசிக்கக் கூடாது?”

“எனக்குத் தெரியாது.”

“பொறவு எதுக்கும்மா எழுதி வச்சிருக்காங்க?”

எழுதினவர்களைப் போய்க் கேள் என்று சொல்லிவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.