நாற்பது வீட்டில் ஒரு வால்ட்ஸ்

என் புருஷன் ஓஸ்னியேலுக்கு எதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் கிடையாது. இன்டர்நெட் சரியாக வராத ஹவானாவில், எங்கள் தெருவுக்கு வாரப் பொட்டலம் என்று சினிமாவும் நாடகமும் ஏற்றிக் கொடுப்பவர் அவர்தான். திங்கட்கிழமை ஆளாளுக்கு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். இவர் போன வாரத்து நாடகங்களையும் சினிமாக்களையும் துடைத்துவிட்டு இந்த வாரத்துச் சரக்கை ஏற்றிக் கொடுப்பார். உள்ளே வேறென்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

அந்தத் திங்களன்று எதிர்வீட்டு யனெல்கிஸ், அம்மாவிடம் கேட்காமல் அலமாரியிலிருந்த டிஸ்க்கை எடுத்துவந்து கொடுத்துவிட்டாள். பாதி ஏறியிருக்கும்போது அவள் அம்மா தமாரிஸ் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். யனெல்கிஸின் பதினைந்தாவது பிறந்தநாள் வீடியோ அதில்தான் இருந்ததாம்; எங்கள் ஊரில் அதைக் கல்யாணம் மாதிரிக் கொண்டாடுவோம். அப்பாவும் மகளும் ஜோடியாக ஆடிய வால்ட்ஸ் நடனம். நாலு மாதம் கழித்து அந்த அப்பா, எலியாதெஸ், இறந்துபோனார்.

"அவரு நடமாடுற படம் எங்கிட்ட வேற எதுவும் இல்ல, ஓஸ்னி" என்றாள் தமாரிஸ்.

இவர் சட்டென்று வயரைப் பிடுங்கினார். முகத்தில் ஈயாடவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிடுங்கிய வயரையே சுற்றிச் சுற்றி மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

அழித்தது உடனே போய்விடாதாம். மேலே புதிதாக எழுதிய இடம்தான் போச்சு, மிச்சத்தைத் தேடிப் பார்க்கலாம் என்றார். தேட ஒரே மூச்சில் பத்து மணி நேரம் வேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்தாலே விசேஷம். இரண்டு நாளில் இரண்டு முறை தேடல் பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலையில் மூலைவீட்டு வில்பிரெதோ தன் மின்சார மோட்டார் சைக்கிளின் பேட்டரியைக் கழற்றித் தூக்கிவந்தார்.

"நான் நடந்தே வேலைக்குப் போயிக்கிறேன். நீ தேடு."

சாயங்காலம் நூற்றுக்கணக்கான வீடியோக்கள் வந்தன. பெயரெல்லாம் போய் வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தோம். எல்லாம் பழைய நாடகத் துண்டுகள், எதைத் திறந்தாலும் அதே கதாநாயகியின் அழுகை. "இவ இன்னும் அழுது முடிக்கலையா?" என்றாள் தமாரிஸ். மூன்று நாளில் அவள் பேசிய முதல் வேடிக்கை அதுதான்.

612-ஐத் திறந்ததும் எலியாதெஸ் வந்தார். வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கோட்டு. மகளின் கவுனை மிதித்துவிட்டுச் சிரித்தார்.

"மிதிச்சுட்டு மன்னிப்புகூடக் கேக்கல பாரும்மா" என்று யனெல்கிஸ் அழுதுகொண்டே சொன்னாள். மூன்றரை நிமிடத்தில் வீடியோ அறுந்துபோனது. கேக் வெட்டியது, விருந்து, எதுவும் கிடைக்கவில்லை.

ஓஸ்னியேல் ஒரு நகல் எடுக்கப் போனார். தமாரிஸ் அவர் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணு பத்தாது. திங்கக்கிழம எல்லாருக்கும் சேத்து ஏத்திக் குடு."

அப்படியே செய்தார். தெருவில் நாற்பது வீடு. மற்றதையெல்லாம் வாராவாரம் துடைக்கச் சொல்கிறவர்கள், அந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்கிறார்கள். இனி என் புருஷனே கை தவறி ஒன்றைத் துடைத்தாலும், எலியாதெஸ் முப்பத்தொன்பது வீட்டில் ஆடிக்கொண்டிருப்பார்.